ஹொய்பிங் என்றுதான் சொல்லுவன்

போன சனிக்கிழமை தமிழ் வகுப்பு விட்டதும் மகள் அபியை ஏற்றிக்கொண்டு கனடாவில் நாங்கள் இருக்கும் மல்வேர்னிலிருந்து வோபர்ன் பக்கம் போனேன். அங்கே ஒரு கடையில் மட்டன் ரோல்ஸ் நல்லாயிருக்கும். வகுப்பில் இரண்டு மணித்தியாலம் இருந்ததற்கு அதுதான் அவளுக்குக் கூலி. வழியில் சிவப்பு விளக்கு. பசி பொறுக்காமல் பைக்குள் கிடந்த சின்னத் தோடம்பழம் ஒன்றை, அவளுக்கு அது ஒரேஞ்ச், எடுத்து உரித்தாள். கண்ணாடி பூட்டிய காருக்குள் அந்தத் தோலின் வாசம் எழும்பியது. அதே நேரத்தில் நான் வலப்பக்கம் திரும்பிப் பார்த்தேன். கம்பி வேலி, அதற்குப் பச்சைத் துணி போர்த்தியிருந்தார்கள். பின்னால் பெரிய பள்ளம். வேலியில் வரப்போகும் மாடிவீட்டின் படம்; பால்கனியில் ஒரு பெண் வைன் கிளாஸோடு சிரிக்கிறாள்.

வாசமும் பள்ளமும் ஒன்றாய் வந்ததால் வாய் தன்பாட்டில் சொல்லிவிட்டது. "ஐயோ, ஹொய்பிங்கையும் இடிச்சுப்போட்டாங்கள்."

"வட்ஸ் ஹொய்பிங்?"

"உதிலை இருந்த சாப்பாட்டுக்கடை. அப்பா கலியாணத்துக்கு முந்தி வேலை செய்தது. அது ஒரு ஊரின்ரை பேர். சீனாவிலை இருக்கு."

அபி ஃபோனில் தட்டினாள். பிறகு சிரித்தாள். "அப்பா, இது ஷொப்பிங் எண்டு சொல்ல வந்தியளோ எண்டு கேக்குது." இன்னும் கொஞ்சம் தட்டினாள். "ஓ, கிடைச்சிட்டுது. அது கைப்பிங். ஹொய்பிங் பழைய ஸ்பெல்லிங். வெள்ளைக்காரர் வச்சது. நீங்கள் பிழையாச் சொல்லுறியள். இட்ஸ் கைண்ட் ஒஃப் கொலோனியல், அப்பா."

பின்னால் நின்றவன் ஹோர்ன் அடித்தான். விளக்கு பச்சையாகிவிட்டது. நான் பதில் சொல்லாமல் காரை எடுத்தேன்.

பதில் இல்லாமல் இல்லை. அது ஒரு விளக்கு மாறுகிற நேரத்துக்குள் சொல்லி முடிகிற பதில் இல்லை. அதனால் எழுதுகிறேன். அபிக்கும், அவளோடு அந்த வகுப்பில் எழுத்துக்கூட்டி வாசிக்கும் மற்றப் பிள்ளைகளுக்கும். நான் ஓ லெவலோடு நின்றவன். படித்தவர்கள் எழுதுகிற மாதிரி வராது. வாசிக்கச் சலித்தால் ரோல்ஸ் சாப்பிட்டுச் சாப்பிட்டு வாசியுங்கள்.

அந்தக் கடைக்கு என்னைக் கூட்டிக்கொண்டு போனவர் யோகண்ணை. சாவகச்சேரிக்காரர். எனக்கு முதலே அங்கே கோப்பை கழுவிக்கொண்டிருந்தார். பஸ்ஸில் போகும்போது எனக்குப் பாடம் எடுத்தார்.

"கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு. மனிசி முதல்ல கையைத்தான் பார்க்கும். நகம் வெட்டினியோ?"

"ஓம் அண்ணை."

"காட்டு பார்ப்பம். ம். உது போதும்."

பின்கதவால் போனோம். சமையலறையின் மூலையில் ஒரு சின்ன மேசை. அதிலே ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு சீனப் பெண்மணி இருந்து, காய்ந்து சுருண்ட தோடந்தோல்களைக் கத்தியால் சுரண்டிக்கொண்டிருந்தார். உட்பக்கத்து வெள்ளையைச் சுரண்டி எடுத்தால் கைப்பு போய்விடும். அவர்தான் கடைச் சொந்தக்காரி, மிஸஸ் குவான். எங்களுக்கு அன்றிலிருந்து குவான் அன்ரி. அவர் பேசியது உடைந்த ஆங்கிலம். என்னுடைய ஆங்கிலம் அதைவிட உடைசல். ஆனால் இப்போது நினைக்கும்போது அவர் எங்களுடைய தமிழில் கதைத்தது போலத்தான் காதில் கேட்கிறது. அப்படியே எழுதிவிடுகிறேன்.

அன்ரி கையைப் பார்த்தார். பெயரைக் கேட்டார். சொன்னேன். நீளம் தாங்காமல் பாதியில் கையை உயர்த்தி நிறுத்தினார். எந்த நாடு என்று கேட்டார். சொன்னேன். பிறகு பேச்சில்லை. கத்தி தோலைச் சுரண்டும் சத்தம் மட்டும்.

யாழ்ப்பாணத்து மனிசருக்கு அப்படி ஒரு மௌனத்தை வெறுமனே விட்டுவைக்கத் தெரியாது. கலியாண வீடோ செத்த வீடோ பஸ் ஹோல்ட்டோ, அறியாத ஒருவர் பக்கத்தில் இருந்தால் எங்கள் வாயில் வருவது ஒரே கேள்விதான்: நீங்கள் எவடம்? அது எனக்கும் வந்துவிட்டது.

"அன்ரி, யுவர் வில்லேஜ் வட்?"

யோகண்ணை என் காலை மிதித்தார். சப்பாத்தோடு.

அன்ரி கத்தியை வைத்தார். "ஏன் கேக்கிறாய்?"

வேலை போய்விட்டது என்று நினைத்தேன். போனது போனதுதானே. "நீங்கள் என்னைக் கேட்டியள். அப்ப நானும் கேக்கவேணும். எங்கடை பக்கம் அப்பிடித்தான்."

அவர் கையிலிருந்த தோலை மேசையில் போட்டார். "இந்த நாட்டுக்கு வந்து எவ்வளவு காலம். நான் சைனீஸோ எண்டு கேப்பினம். அதோட சரி. ஊர் என்னெண்டு ஒருத்தர் கேக்கேல்லை" என்றார். பிறகு கதவுப் பக்கம், கடையின் முகப்பு இருக்கும் திசையில் கையைக் காட்டினார். "வெளியில பலகையில எழுதியிருக்கு. பார்க்கேல்லையோ?"

பார்த்தேன்தான். அதை ஏதோ சாப்பாட்டின் பெயர் என்று நினைத்திருந்தேன். நூடில்ஸில் ஒரு வகை மாதிரி.

அன்று எனக்கு வேலை கிடைத்தது. வேலை தொடங்குமுன் ஒரு கிண்ணம் சூப்பும் கிடைத்தது. சிவப்புப் பயறு, அதிலே காய்ந்த தோடந்தோல், கொஞ்சம் இனிப்பு. குடிக்கும்போது தொண்டையில் ஒரு பழைய வாசம் போகும். இனிப்பான சூப்பா என்று முகத்தைச் சுளித்தேன். அடிவரை குடித்தேன். அந்தச் சூப் விற்பனைக்கு இல்லை. கடைக்குள் வருகிற யாராவது ஹொய்பிங் பக்கத்து ஆள் என்றால் அன்ரி கேட்காமலே கொண்டுவந்து வைப்பார். சாப்பாட்டுக்குக் காசு வாங்குவார், சூப்புக்கு வாங்கமாட்டார். யோகண்ணை அதற்கு 'ஊர்ச் சூப்' என்று பெயர் வைத்திருந்தார். அந்த ஊர்க்காரன் இல்லாமலே ஊர்ச் சூப் குடித்த முதல் ஆள் நான்தான் என்று யோகண்ணைக்குப் பல நாள் பொறாமை. "நான் ஆறு மாசம் கோப்பை கழுவி ஒரு துளி காணேல்லை. இவர் வந்து வில்லேஜ் வட் எண்டாராம், சூப் வந்திட்டுதாம்."

இந்த இடத்தில் பிள்ளைகளுக்கு ஒன்றைச் சொல்லாமல் விட்டால் நான் பொய்யன். 'நீங்கள் எவடம்' என்ற எங்கள் கேள்வி எப்போதும் சுத்தமான கேள்வி இல்லை. ஊரைக் கேட்டு, ஊரில் எந்தக் குறிச்சி என்று கேட்டு, கோயிலைக் கேட்டு, கடைசியில் சாதியில் போய் நிற்கிறவர்கள் எங்களுக்குள் நிறையப் பேர். இந்தக் கனடாவிலும் கேட்கிறார்கள். அப்படிக் கேட்கிறவரைக் கண்டால் நீங்கள் வாயை மூடிக்கொண்டு எழும்பிப் போகலாம்; அப்பா ஒன்றும் சொல்லமாட்டேன். ஆனால் கேள்வியில் பிழையில்லை. கேட்டுவிட்டுக் கதிரையை இழுத்துப் போடுகிறாரா, தள்ளி வைக்கிறாரா என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. அன்ரி கேட்டால் சூப் வரும்.

சரி, ஊர்ப் பெயருக்கு வருகிறேன். அபி என்னை மடக்கியது அதிலேதானே.

கடைக்குப் பின்னால் ஒரு களஞ்சிய அறை. பெட்டிகளை அடுக்குவது என்னுடையதும் யோகண்ணையினுடையதும் வேலை. சோயா சோஸ் தகரத்தில் கன்ரன் என்று இருக்கும். காளான் பெட்டியில் குவாங்சோ என்று இருக்கும். இரண்டும் இரண்டு பட்டணம் என்று நினைத்து நாங்கள் தனித்தனியாக அடுக்கினோம். தூரமான பட்டணங்கள் என்று நினைத்து, நடுவில் ஒரு வரிசை இடைவெளியும் விட்டோம். யோகண்ணை ஒருபடி மேலே போய், கன்ரன்காரர் நல்லவர்கள், குவாங்சோக்காரர் சுத்துமாத்து, அவர்களுடைய பெட்டி சும்மா உடையுது என்று ஒரு ஆராய்ச்சியும் வைத்திருந்தார். ஒருநாள் அன்ரி வந்து பார்த்தார். இரண்டும் ஒரே இடம் என்று தெரிந்தபோது யோகண்ணை நம்பவில்லை. "ஒரு ஊருக்கு ரெண்டு பேரோ? விசர்க்கதை."

"அண்ணை, எங்கடை பருத்தித்துறை?" என்றேன்.

நான் பருத்தித்துறை ஆள். என் பாஸ்போர்ட்டில் அப்படி இல்லை. பொயின்ற் பெட்றோ என்று இருக்கிறது. எப்போதோ வந்த போர்த்துக்கேயனோ ஒல்லாந்தனோ வாயில் வந்ததைச் சொல்லிவிட்டுப் போனான். யார் அந்தப் பெட்றோ என்று அபி சின்ன வயதில் கேட்டாள். எனக்குத் தெரியாது. என்னுடைய சொந்தக்காரன் இல்லை, அது மட்டும் தெரியும். ஊர்காவற்றுறைக்கு கைற்ஸ் என்று பெயர் வைத்தவர்களும் அவர்கள்தான். அவர்களே சீனாவுக்கும் போயிருக்கிறார்கள். அந்த மாகாணத்தின் பெயர் குவாங்டொங். அதைக் கேட்டு, தங்கள் நாக்குக்கு ஏற்றபடி கன்ரன் ஆக்கி, மாகாணத்தின் பெயரைப் பட்டணத்தின் தலையில் வைத்தார்கள் என்கிறார்கள். வட மாகாணம் என்று கேட்டுவிட்டு யாழ்ப்பாண ரவுனை 'வடக்கு' என்று எழுதினது போல.

பிற்காலத்தில், உங்களைத் தமிழ் வகுப்பில் விட்டுவிட்டு லைப்ரரியில் காத்திருந்த சனிக்கிழமைகளில் இதைப் பற்றிக் கொஞ்சம் வாசித்தேன். பாதி விளங்கியது. விளங்கியதைச் சொல்லுகிறேன்.

இரண்டு என்ற இலக்கத்தை எழுதுங்கள். அதைப் பார்த்து நான் 'இரண்டு' என்பேன். அபி 'டூ' என்பாள். பிரெஞ்சு ரீச்சர் 'டு' என்பார். எழுத்து ஒன்று, வாய் மூன்று. சீன எழுத்தும் அப்படித்தான். ஊர்ப் பெயரை எழுதினால் வடக்கில் ஒரு மாதிரி வாசிப்பார்கள், தெற்கில் இன்னொரு மாதிரி, கடற்கரையில் வேறொரு மாதிரி. முதலில் வந்த வெள்ளைக்காரன் எந்தத் துறைமுகத்தில் இறங்கினானோ அந்தத் துறைமுகத்து வாயைக் கேட்டு ஆங்கிலத்தில் எழுதிக்கொண்டான். அமோய் என்பது அந்தத் துறைமுகத்து மீன்காரியும் படகுக்காரனும் சொன்ன சத்தம். வடக்கத்திப் பேச்சில் அதே எழுத்து சியாமென். பீக்கிங்கின் கதை வேறு. அந்தப் பெயரை எழுதிய பழைய காலத்தில் 'க' சத்தம் இருந்ததாம். பிறகு வடக்கில் நாக்கு 'ஜ' பக்கம் சாய்ந்துவிட்டது, ஆங்கில எழுத்து பின்னால் போகாமல் அங்கேயே நின்றுவிட்டது. ஹொங்கொங்கை மட்டும் ஒருவரும் தொடவில்லை. இன்றைக்கும் தெற்கத்திச் சத்தம்தான். பிறகு சீனாவின் தபால்கந்தோரை நடத்திய வெளிநாட்டுக்காரர், கடிதமும் தந்தியும் தொலையாமல் இருக்க ஒவ்வொரு ஊருக்கும் ஓர் ஆங்கில எழுத்தை நிலைநிறுத்தினார்கள். அந்த வழியில் வந்ததுதான் ஹொய்பிங்.

அதற்கும் பிறகு சீன நாடு தானாகவே ஓர் எழுத்துமுறை செய்து, எங்கள் ஊர்களை இனி இப்படித்தான் எழுதவேண்டும் என்று உலகத்துக்குச் சொன்னது. பீக்கிங் பெய்ஜிங் ஆனது. ஹொய்பிங் கைப்பிங் ஆனது. அபி சொன்னது சரி. தன் ஊருக்குத் தானே பெயர் எழுதுவது நல்ல விசயம். அதை நான் எதிர்க்கவில்லை. ஆனால் அவர்கள் எடுத்தது வடக்கத்திப் பேச்சு. குவான் அன்ரியின் வாய் அந்தச் சத்தத்தைச் சொல்லிப் பிறந்த வாய் இல்லை.

ஹொய்பிங் மட்டும் அவருடைய வாயா என்றால், அதுவும் முழுக்க இல்லை. யோகண்ணை ஒருநாள் கேட்டார். அன்ரி ஊரில் சொல்லுகிற மாதிரிச் சொல்லிக் காட்டினார். கடைசிச் சத்தம் இன்னும் மெதுவாக, மூக்குக்குள் போய் மறைந்தது. "அப்ப பலகையில இருக்கிறதும் பிழைதானே?" என்றார் யோகண்ணை. "பிழைதான்" என்றார் அன்ரி. "ஆனா தெரிஞ்ச பிழை."

அந்தத் தெரிந்த பிழை என்ன செய்தது என்பதை நான் கண்ணால் கண்டேன். ஒரு மாரிகாலத்து மத்தியானம், கடையில் ஆளில்லை. விண்ட்சர்ப் பக்கத்துக் கண்ணாடிக்கூடப் பண்ணையிலிருந்து தக்காளி ஏற்றிவந்த லொறி ஒன்று, கடைகள் வரிசையாக இருக்கும் எங்கள் பிளாசாவுக்குள் வந்து குறுக்கே நின்றது. பனிச் சப்பாத்தோடு ஒரு கிழவர் இறங்கி உள்ளே வந்தார். மெனுவைப் பார்க்கவில்லை. கதிரையில் இருக்கவில்லை. விரலை மேலே, கூரைக்கு வெளியே பலகை இருக்கும் பக்கம் நீட்டி, "ஹொய்பிங்?" என்றார். அன்ரி சமையலறையிலிருந்து ஏப்ரனைக் கழற்றாமல் ஓடிவந்து ஏதோ கேட்டார். என்ன கேட்டார் என்று எனக்கு மொழி தெரியாமலே தெரியும். அவர் பதில் சொன்னார். அன்ரி மேசையில் தேநீரைக் கொஞ்சம் ஊற்றி, விரலால் இழுத்து ஆறு ஒன்று வரைந்தார். கிழவர் ஆற்றுக்கு இந்தப் பக்கம் ஒரு புள்ளி வைத்தார். அன்ரி அந்தப் பக்கம் ஒரு புள்ளி வைத்தார். பிறகு இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கத்திக் கதைக்கத் தொடங்கினார்கள். சூப் வந்தது. தக்காளி லொறி பாதையை மறித்ததால் பிளாசாவில் மூன்று கடைக்காரர் வந்து சத்தம் போட்டார்கள். அவர்களுக்கும் சூப் வந்தது.

கிழவர் போன பிறகு அன்ரி சொன்னார். அவருக்கு ஆங்கிலம் வாசிக்கத் தெரியாதாம். அந்த ஒரு சொல் மட்டும் தெரியும். ஊருக்கும் வெளிநாட்டுக்கும் போய்வந்த கடித உறைகளில் விலாசத்தின் அடியில் அது இருக்கும். அந்தப் பக்கத்துச் சனம் எழுத்தாக அல்ல, ஒரு முகத்தைப் போல அதைத் தெரிந்து வைத்திருந்தது.

"என்ரை தங்கச்சிக்கும் அந்த ஒரு சொல்தான் தெரியும்" என்றார்.

அன்றைக்குத்தான் தங்கச்சி ஒருத்தி இருப்பது எங்களுக்குத் தெரியவந்தது. கலியாணம் முடித்துப் புருசனோடு தென்னமெரிக்காப் பக்கம் போனவர். கொஞ்சக் காலம் கடிதம் வந்தது. பிறகு அங்கிருந்து வேறெங்கோ போவதாக ஒன்று வந்தது. அதோடு நின்றுவிட்டது. அன்ரி கனடாவுக்கு வந்து கடை போட்டபோது, பக்கத்துக் கடைக்காரரெல்லாம் ட்ரகன் என்றும் லக்கி என்றும் பெயர் வைக்க, இவர் ஊரின் பெயரை, அந்த உறையிலிருந்த அதே எழுத்தில், தெருவிலிருந்து தெரிகிற அளவுக்குப் பெரிதாகப் போட்டார். தேடிக்கொண்டிருக்கிறவர்கள் எங்களிலும் உண்டு. எங்களுக்கு விளக்கம் தேவைப்படவில்லை.

இனிச் சண்டைக்கு வருகிறேன்.

ஓர் ஏப்ரலில் பெருங்காற்று அடித்தது. காலையில் போய்ப் பார்த்தால் பலகையின் முன்பாதி எழுத்துக்கள் கார் பார்க்கிங்கில் நொறுங்கிக் கிடந்தன. பின்பாதி மட்டும் மேலே. யோகண்ணை அண்ணாந்து பார்த்து, "அன்ரி, இனி நாங்கள் பிங்பொங் கிளப்" என்றார். அன்ரி சிரிக்கவில்லை. அவர் சிரிக்காததை நான் அன்றுதான் கண்டேன்.

பிளாசாவைப் பார்த்துக்கொள்கிற மனேச்சர் வந்தார். எப்படியும் எல்லாக் கடைப் பலகையையும் ஒரே மாதிரி மாற்றப்போகிறோம், பெயரை யோசித்துச் சொல்லுங்கள், என்ன சாப்பாடு என்று சனத்துக்கு விளங்குகிற பெயராக இருந்தால் நல்லது என்றார். புதுப் பலகை வரச் சில கிழமையாகும்.

அன்ரியின் மகன் ரேமண்ட் அப்போது கணக்கியல் படித்து முடித்த கையோடு இருந்தான். நல்ல பிள்ளை. கடையின் நோய் அவனுக்குத் தெரியும். சனம் குறைந்துகொண்டு வந்தது. நாலு மணிக்கு, பின்னேரச் சனம் வருவதற்கு முன் நாங்கள் எல்லோரும் சேர்ந்து சாப்பிடுவது வழக்கம். அந்த மேசையில் வைத்துக் கதையை எடுத்தான். எங்களுக்கும் விளங்கவேண்டும் என்றோ என்னவோ ஆங்கிலத்தில் கதைத்தான்.

"அம்மா, பேரை கைப்பிங் எண்டு மாத்துவம். இப்ப வாற புதுச் சனத்துக்கு அதுதான் தெரியும். அவையள் வந்தாத்தான் கடை நிக்கும்."

அன்ரி சோற்றைப் பார்த்துக்கொண்டு சாப்பிட்டார்.

"ஹொய்பிங் எண்டது வெள்ளைக்காரன் தபால்கந்தோரில வச்ச பேர். உங்களுக்கு வெக்கமில்லையோ?"

அன்ரி சாப்பாட்டுக் கோலைக் கீழே வைத்தார். "முத்திரை அவன்ரை. கடிதம் என்ரை."

யோகண்ணை எனக்குப் பக்கத்தில் மூச்சை இழுத்தார். ரேமண்ட் முகம் சிவந்தான். பிறகு, சொல்லக்கூடாது என்று பலகாலம் வைத்திருந்ததைச் சொல்லுகிற குரலில், மெதுவாகச் சொன்னான். "அம்மா. சித்தி வரமாட்டா."

எங்கே பார்ப்பது என்று தெரியாமல் நான் என் நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அப்ப மற்ற ஆக்கள் வருவினம்" என்றார் அன்ரி. எழும்பினார். மேசைவிரிப்புப் பெட்டியைத் திறந்து ஒரு வெள்ளை விரிப்பை எடுத்து என் மடியில் போட்டார். "உனக்குப் பெயின்ற் அடிக்கத் தெரியும் எண்டு சொன்னாய்."

சொன்னது உண்மை. ஊரில் விளையாட்டுப் போட்டிக்கு பனர் எழுதியிருக்கிறேன். தமிழில். யோகண்ணை பக்கத்து ஹாட்வெயார் கடையில் சிவப்புப் பெயின்ற் வாங்கிவந்தார். நிலத்தில் விரித்து எழுதினேன். தொடக்கத்தில் துணிவு கூடிவிட்டது. முதல் எழுத்து யானை மாதிரி வந்தது. இடம் போதாமல் போய்க் கடைசி எழுத்து எலி மாதிரி வந்தது. அன்ரி தலையை அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் சரித்துப் பார்த்தார். "வடிவில்லை. ஆனா தெரியுது. கட்டு."

பனியும் மழையும் கலந்து கொட்டுகிறது. யோகண்ணை ஏணியில். கீழே ஏணியைப் பிடித்தபடி நான். விரிப்பு காற்றில் அடித்து அவருடைய முகத்தை மூடுகிறது. "டேய், எனக்கு வெள்ளைத்துணி போர்த்துப் பார்க்கிறியோ?" என்று மேலேயிருந்து கத்துகிறார். ஏணி வழுக்கியது. என் ஒருவனுடைய கை போதவில்லை. அப்போது பின்னாலிருந்து இரண்டு கைகள் வந்து ஏணியைப் பிடித்தன. ரேமண்ட். நல்ல சேர்ட், அலுவலகச் சப்பாத்து, தலை முழுக்க நனைந்திருந்தது. என்னைப் பார்க்காமல் மேலே பார்த்து, "லெஃப்ட் பக்கம் பதிஞ்சிருக்கு, உயர்த்தச் சொல்லு" என்றான்.

அந்தச் சில கிழமையும் அந்த மேசைவிரிப்புத்தான் எங்கள் பலகை. மனேச்சர் கழற்றச் சொல்லிக் கடிதம் போட்டார், நேரில் வந்தார், ஃபோன் எடுத்தார். அன்ரி ஒவ்வொரு முறையும் அவருக்குத் தேநீர் கொடுத்தார், கழற்றவில்லை. புதுப் பலகைக்கு நிறம் கேட்டார்கள், எந்த நிறமும் சரி என்றார். அளவு கேட்டார்கள், சரி. சமையற்காரன் படம் போடலாமா என்றார்கள், போடுங்கள் என்றார். பெயர் மட்டும் அதே எழுத்து. அப்படியே வந்தது. பக்கத்தில் தொப்பி போட்ட ஒரு சமையற்காரன் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றான். அன்ரி அவனுக்கு யோகண்ணையின் பெயரை வைத்தார்.

தங்கச்சி வரவில்லை. மற்ற ஆட்கள் வந்தார்கள். மொன்றியலில் துணி வெளுக்கிற லோன்றி வைத்திருந்த புருசனும் பெண்சாதியும், ஒரு ட்ரம்பெற்காரன், பனாமாவில் பிறந்து ஸ்பானிஷ் மட்டும் தெரிந்த ஒரு பெண். அந்தப் பெண் தன் அப்பாவின் பெட்டியில் அந்தச் சொல்லைப் பார்த்திருக்கிறாள், வேறொன்றும் தெரியாது. அன்ரியும் அவளும் ஒருவர் கதைத்தது மற்றவருக்கு விளங்காமலே ஒரு பின்னேரம் முழுக்க இருந்தார்கள். சூப் குடித்தாள். அழுதாள். தோடந்தோலைக் கொஞ்சம் பேப்பரில் சுற்றிக் கொண்டுபோனாள்.

அந்தத் தோலும் சும்மா தோல் இல்லை. நல்லது பக்கத்து ஊரிலிருந்து வரும். முதலில் வந்த போத்தலில் சன்வூய் என்று இருந்தது. பிறகு வந்ததில் சின்ஹுய் என்று இருந்தது. நான் இரண்டையும் திறந்து மணந்து பார்த்தேன். ஒரே வாசம்.

பிறகு நான் கலியாணம் கட்டி, பிறம்ரனில் வெயார்ஹவுஸ் வேலைக்குப் போனேன். யோகண்ணை ட்ரக் ஓட்டினார். இப்போது இடுப்பு நோவோடு மகளின் வீட்டில். அன்ரி காலமாகி வருடங்கள் ஆகிவிட்டன. செத்த வீட்டுக்குப் போனோம். ரேமண்ட் வாசலில் நின்று எங்கள் கையைப் பிடித்தான். பிளாசா விற்கும்வரை கடையை நடத்தியது அவன்தான். பெயரை மாற்றவில்லை. கணக்கியல் படித்தவன், நட்டம் தெரிந்தும் மாற்றவில்லை.

சனிக்கிழமைக்குத் திரும்பி வருகிறேன். ரோல்ஸ் சாப்பிட்ட பிறகு அபிக்கு பபிள் ரீ வேண்டுமென்றாள். கவுண்டரில் ஒரு சீனப் பிள்ளை. இருபது வயது இருக்கும். தேத்தண்ணி அடிக்கும் நேரம் ஒரு மௌனம். என்னைத் தெரியும்தானே. "உங்கடை ஃபமிலி எந்த ஊர்?" என்று கேட்டேன்.

அபி என் காலை மிதித்தாள். சப்பாத்தோடு.

அந்தப் பிள்ளை, பரீட்சையில் கேட்டது போல முழித்து, "மார்க்கம்?" என்றாள். அது எங்களுக்குப் பக்கத்து நகரம். நான் "நல்ல இடம்" என்றேன். உண்மையாகவே நல்ல இடம்தான்.

காருக்குள் வந்ததும் அபி வெடித்தாள். "அப்பா, யூ காண்ட் ஆஸ்க் பீப்பிள் தற். அது ரூட். நீ இந்த நாட்டு ஆள் இல்லை எண்டு சொல்லுறமாதிரி."

அவள் சொல்லுவதும் பொய்யில்லை. அவளையே பள்ளிக்கூடத்தில் அப்படிக் கேட்டிருக்கிறார்கள். அதைக் கேட்டவர்கள் சூப் கொண்டுவரவில்லை. அது எனக்குத் தெரியும், அதற்காக அந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போய் உடைந்த ஆங்கிலத்தில் சண்டை பிடித்தவனும் நான்தான். ஆனாலும் அபி, தள்ளுகிறவர்கள் அந்தக் கேள்வியை எடுத்துக்கொண்டார்கள் என்பதற்காக நான் அதை அவர்களுக்கே விட்டுவிட மாட்டேன். நான் கேட்பன். மார்க்கம் என்றால் மார்க்கம். மல்வேர்ன் என்றால் மல்வேர்ன். உன்னை நாளைக்கு ஒருவர் கேட்டால் நீ மல்வேர்ன் என்று தலைநிமிர்ந்து சொல்லு. அவர் கதிரையை இழுத்துப் போட்டால், பருத்தித்துறை என்றும் சொல்லு. பெட்றோ வேண்டாம்.

கைப்பிங் என்று நீ சொல்லு. அது அந்த நாடு தனக்கு எழுதிய பெயர், பிழையில்லை. நான் ஹொய்பிங் என்றுதான் சொல்லுவன். அந்த ஊரை நான் கண்டதில்லை. நான் கண்டது சிவப்புப் பெயின்ற் வழிகிற ஒரு மேசைவிரிப்பையும், அதைப் பார்த்து உள்ளே வந்த மனிசரையும்தான். அவர்களுக்கு அதுதான் பெயர்.

இப்போது மேசையும் இல்லை, மேசையில் தேநீரால் வரைந்த ஆறும் இல்லை. பலகையில் பல்லைக் காட்டிக்கொண்டு நின்ற யோகண்ணையும் குப்பையில் போயிருப்பார். தெருவிலிருந்து பார்த்தால் தெரிகிற மாதிரி அந்தச் சொல் இந்த நகரத்தில் வேறெங்கும் எனக்குத் தெரிந்து இல்லை.

அதனால் அன்று பின்னேரம் வீட்டுக்கு வந்து ஒரு வேலை செய்தேன். எங்கள் வைஃபைக்குப் பெயர் மாற்றினேன். அந்தத் தபால்கந்தோர் எழுத்தில், ஒன்றும் விடாமல். அபி தன் ஃபோனைப் பார்த்துவிட்டு, "சீரியஸ்லி, அப்பா?" என்று மேலேயிருந்து கத்தினாள். ஓம், சீரியஸ்லி. இந்தத் தெருவால் போகிற எவருடைய ஃபோனிலும் அது இப்போது வரும். பாஸ்வேர்டை மட்டும் இங்கே எழுதமாட்டேன்.

இன்னும் ஒருத்தரும் கதவைத் தட்டவில்லை. தட்டட்டும். அபி காருக்குள் உரித்துப் போட்ட தோலைப் பொறுக்கி ஃப்ரிஜ்ஜுக்கு மேலே காயப் போட்டிருக்கிறேன்.